பத்துக்குப் பத்து

அந்தக் காருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் வேறு மாதிரிச் சொல்லப்போகிறார்கள்.

காரின் சொந்தக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர். யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், காலை அந்த இடத்தில் வைத்திருந்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்பார். தினமும் கடவுளிடம் அவர் கேட்கும் வரம், "என்னால யாருக்கும் தொந்தரவு வரக் கூடாது" என்பது ஒன்றுதான். கடவுளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பார்.

கார் தானியங்கி கியர் வைத்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கும் மூன்றிலிருந்து நான்குக்கும் அதுவாகவே மாறிக்கொள்ளும். மாறியது ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியாது. அவர் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "குலுக்கல் கூடாது" என்பது. சிகிச்சைக்குப் பிறகு முதுகுக்கான பிசியோதெரபிப் பயிற்சி நிலையத்துக்கு வாரத்தில் பல தடவை அழைத்துப் போக வேண்டும். நம் கார் இருக்கக் கவலை என்ன என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் செல்போனில் அந்தச் செய்தி வந்தது.

"உங்கள் கியர்பாக்ஸ் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது. அதன் எண்ணெயை நீங்கள் கடைசியாக மாற்றியது எப்போது?"

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் ஒருமுறைகூட மாற்றியதில்லை. வாய் இல்லாத ஒன்று இத்தனை நாள் அவருக்காக உழைத்திருக்கிறது. அதன் வயிற்றுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதே இல்லை. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த இடத்துக்கு வாகன நல்வாழ்வு நிலையம் என்று பெயர். அங்கே பட்டறை என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. தெரியாமல் யாராவது சொல்லிவிட்டால் பக்கத்தில் இருக்கிற ஊழியர் மெல்ல இருமுவார். கார்கள் நிற்கும் பெரிய கூடத்துக்கு அமைதிக் கூடம் என்று பெயர். ஒரு சமயம் நிலையத்தின் தலைவர் பார்வையிட வந்தபோது இன்ஜின் சத்தத்தில் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. அன்றிலிருந்து கூடத்துக்குள் எந்தக் காரின் இன்ஜினும் ஓடக் கூடாது என்று விதி. வாசலிலேயே காரை அணைத்துவிட வேண்டும். வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் அதை உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள். சுவரில் "மௌனமே சேவை" என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்காரருக்குக் கோயிலுக்குள் வந்ததுபோல் இருந்தது. செருப்பைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தார்.

எண்ணெய் மாற்றி முடிந்ததும் காருக்கு மேல் ஒரு சிவப்புத் துணியைப் போட்டு, கண்ணாடிக்காரரை அதன் முன்னால் நிறுத்தி, துணியை உருவினார்கள். ஊழியர்கள் சத்தமில்லாமல் கை தட்டினார்கள்; அதாவது, கைகள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டார்கள். பிறகு வரவேற்பில் இருக்கும் பெண் பலகைபோல் இருந்த ஒரு தொடுதிரையை நீட்டினாள்.

"சார், பத்துக்கு எத்தனைன்னு தொடணும்."

"இன்னும் ஓட்டிப் பார்க்கலையேம்மா."

"ஓட்டறதுக்கு முன்னாடிதான் சார் போடணும். அப்பதான் மனசு நிறைஞ்சிருக்கும்னு மேலாளர் சொல்லுவார்." குரலைத் தாழ்த்தினாள். "பத்து போடுங்க சார், ப்ளீஸ். ஒன்பது வந்தாக்கூட என்னை நிக்க வச்சு, அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு கேட்பாங்க."

அவள் கண்ணைப் பார்த்தார். கண்களைப் பார்ப்பது அவர் தொழில்; தூக்கமில்லாத கண் எது என்று அவருக்குத் தெரியும். பத்தைத் தொட்டார். அத்தோடு விடாமல் கீழே, "மனம் நிறைந்தது" என்றும் எழுதினார். ஒரு சின்ன உதவி, யாருக்கு என்ன நஷ்டம்?

வாசலைத் தாண்டி, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது, இருக்கைக்குப் பின்னால் யாரோ எட்டி உதைத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மூன்றிலிருந்து நான்குக்கு இன்னொரு உதை.

*

மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த நாளில் அவர் கடவுள் பெயரைச் சொல்லிச் சொல்லி ஓட்டினார். ஒவ்வொரு கியருக்கும் ஒரு தடவை. ஆனாலும் உதை விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் பின்இருக்கையில் மனைவி கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது பின்பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க. ரோடு சரியில்ல."

அந்தச் சாலை அப்போதுதான் போடப்பட்டிருந்தது. தார் வாசனைகூடப் போகவில்லை.

"நல்லா இருந்த காரை நானே கொண்டுபோய்..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க. நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்றாள் அவள். திட்டியிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் நிலையத்தில் ஓர் ஆலோசகர் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணினியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சார், நீங்க பத்து போட்டிருக்கீங்க!"

"ஆமா. ஆனா கியர் மாறும்போது..."

"மனம் நிறைந்ததுன்னு வேற எழுதியிருக்கீங்க. மனம் நிறைஞ்சவரோட கார் உதைக்காது சார். கணினி ஏத்துக்காது. பாருங்க." புகார் என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினார். "முழுத் திருப்தி அடைந்தவருக்குப் புகார் இல்லை" என்று ஒரு பச்சை எழுத்து வந்து, பூ ஒன்று விரிந்தது.

கண்ணாடிக்காரர் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாம் எழுதிய பொய்தான் அப்படிப் பூத்திருக்கிறது என்று பட்டது.

அவர் நகராமல் நின்றதால் மேலாளரிடம் அழைத்துப் போனார்கள். மேலாளர் எப்போதும் காதோடு காதாகத்தான் பேசுவார். கூடத்தின் விதி அவர் தொண்டைக்குள்ளேயே குடி வந்துவிட்டது என்று சொல்வார்கள்.

"வாங்க, ஓட்டிப் பார்த்துடுவோம்" என்று கிசுகிசுத்தார். இருவரும் கூடத்துக்குள் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தார்கள். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு கியர்த் தண்டை மேலும் கீழும் நகர்த்தினார்.

"ஏதாவது உதை தெரியுதா சார்?"

"இன்ஜினே ஓடலையே சார்?"

"உள்ள ஓடக் கூடாது சார்."

"அப்ப வெளிய போய்..."

"வெளிய எங்க இடம் இல்ல சார். வெளிய நடக்கிறதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு? எங்க இடத்துல வச்சு உங்க கார் ஒரு தடவையாவது உதைச்சிருக்கா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க."

மனசாட்சியைத் தொடச் சொன்னால் கண்ணாடிக்காரருக்கு வேறு வழி கிடையாது. "இல்லை" என்றார்.

மேலாளருக்கு அவர்மேல் அன்பு வந்துவிட்டது. "உங்ககிட்ட உள்ளதைச் சொல்றேன் சார். நாங்க காரை ரிப்பேர் பண்றதில்ல. அதை யாரு வேணாலும் பண்ணலாம். நாங்க வாடிக்கையாளரைச் சரி பண்றோம். இந்த வருஷம் எங்களுக்கு வந்த புகார் எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. புகார் வாங்கற பிரிவையே எடுத்துட்டோம். அந்த அறையிலதான் இப்ப மீன்தொட்டி வச்சிருக்கோம். அப்புறம் இன்னொண்ணு. இந்த மாதிரி கியர்பாக்ஸ் ஓட்டறவரைப் பார்த்துக் கத்துக்கும். குழந்தை மாதிரி. நீங்க எப்படியோ அது அப்படி. அது முரட்டுத்தனமா நடந்துக்குதுன்னா..." என்று நிறுத்தி, கண்ணாடிக்காரரை இரக்கத்தோடு பார்த்தார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"என் மனைவிக்கு முதுகுல..."

"போகப் போகப் பழகிடும் சார்."

அந்த வார்த்தையில் கண்ணாடிக்காரர் திடுக்கிட்டார். அது அவருடைய வார்த்தை. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்ந்த இரட்டைப் பார்வைக் கண்ணாடியை முதல்முறையாகப் போடுகிறவர்கள் தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்தால், அவர் சொல்லி அனுப்புவது அதைத்தான்.

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டியதும் நேரே அடுத்த தெருவில், அப்படி அவர் சொல்லி அனுப்பியிருந்த ஒரு தையல்கார அம்மாவிடம் போனார். "கண்ணாடி இப்ப எப்படிம்மா இருக்கு?"

"பழகிட்டேன் அண்ணே. தலையைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கிட்டுத் தைக்கிறேன். கழுத்துதான் பிடிச்சுக்குது. வயசாச்சுல்ல."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். மூக்கில் உட்காரும் இடம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அங்கேயே நின்று நிமிர்த்திக் கொடுத்தார். அந்த அம்மா ஊசியில் நூல் கோத்துப் பார்த்துவிட்டு, "அட!" என்றாள். ஓர் 'அட'தான். அந்த 'அட' இத்தனை நாளும் தன்னிடம் இருந்திருக்கிறது, தான்தான் கொடுக்கவில்லை என்று நினைத்தபடி அவர் வீட்டுக்கு நடந்தார். கார் எடுக்கவில்லை.

*

மேலாளர் அவரை மனப்பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டார். கூடத்தின் ஒரு மூலையில், வாடிக்கையாளர்கள் அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கண்ணை மூடி, தங்கள் காரிடம் தாங்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர், "உங்கள் கார் உங்களை மன்னிக்கத் தயாராக இருக்கிறது. நீங்கள் தயாரா?" என்று கேட்பார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பல் டாக்டர் அம்மா. "புதுசா?" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டார்.

"ஆமாங்க. உங்களுக்கு?"

"நான் ரொம்ப நாளா வரேன். எனக்கு இப்ப பொறுமை, பணிவு, கருணை எல்லாம் வந்துடுச்சு. கார்தான் இன்னும் ரிவர்ஸ் போகல."

"அப்ப எப்படி வீட்டுக்கு..."

"முன்பக்கமாவே சுத்திச் சுத்திப் போவேன். எங்க போனாலும் திரும்பற வழி பார்த்துத்தான் நிறுத்தறது. வாழ்க்கைக்கும் அது நல்லதுதானாம், பயிற்சியாளர் சொல்றார்."

மற்றவர்கள் தூங்கினார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் உண்மையாகவே நினைத்துப் பார்த்தார். ஒருமுறை கதவை ஓங்கிச் சாத்தியது நினைவுக்கு வந்தது. மனைவியிடம் ஒரு தடவை, "உனக்கு எப்பவும் வலிதான்" என்று எரிந்து விழுந்ததும் நினைவுக்கு வந்தது. அதைத்தான் கியர்பாக்ஸ் கற்றுக்கொண்டுவிட்டதோ? வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு உதைக்கும் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார்.

மனைவி பயிற்சி நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "வீட்லயே பண்ணிக்கறேங்க" என்றாள். நிறுத்தினால் முதுகு விறைத்துப்போகும், பிறகு நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் எச்சரித்திருந்தது இருவருக்கும் தெரியும். வாடகைக் கார் வைக்கலாம் என்றால், "முன்ன பின்ன தெரியாதவங்க பின்னால உட்கார்ந்து வலியை அடக்கிட்டு வர என்னால முடியாது" என்றுவிட்டாள். அப்போதுதான், தன் காரில் அவள் வலியை அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது.

அடுத்த வகுப்புக்கு அவர் வந்தபோது வரவேற்புப் பெண் அவரை மீன்தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"சார், அந்தப் பத்தை வாபஸ் வாங்கிடுங்க. வாங்கினாத்தான் புகார் ஏறும்."

"வாங்கினா உன்னை என்ன பண்ணுவாங்க?"

அவள் மீனைப் பார்த்தாள். "அதை விடுங்க சார். நான்தானே கெஞ்சி வாங்கினேன். அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. எனக்குச் சாப்பாடு இறங்கல."

"ஐயோ, நீ என்னம்மா பண்ணுவ? நான்தானே போட்டேன்."

"இல்ல சார், நான்தான்."

"இல்லம்மா, நான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒரே குற்றத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் அவள் சொன்னாள்: "உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். கியர்பாக்ஸ்ல எண்ணெய் கம்மி. அவ்வளவுதான். இன்ஜின் ஓடினாத்தான் எண்ணெய் மேல ஏறி எல்லா இடத்துக்கும் போகும். ஓட விட்டுக்கிட்டே பார்த்தாத்தான் இன்னும் எவ்வளவு ஊத்தணும்னு தெரியும். இங்க அணைச்சு வச்சே ஊத்தறாங்க. நிறைஞ்ச மாதிரி தெரியும், மூடிடுவாங்க. சாப்பிடும்போது பணியாளருங்க எல்லாரும் பேசிக்கறது இதைத்தான்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார். சத்தமாச் சொல்லத்தான் யாருக்கும் அனுமதி இல்ல."

கண்ணாடிக்காரர் கூடத்தைப் பார்த்தார். அவர் காரை அப்போதுதான் உள்ளே தள்ளிக்கொண்டு போய், மேலே தூக்கும் மேடையில் நிறுத்தியிருந்தார்கள். வகுப்பு நடக்கும்போது கார்கள் உயரத்தில் நின்று கேட்க வேண்டும் என்பது புது ஏற்பாடு. பக்கத்தில் அவள் மேசை மேல் அவர் கார்ச் சாவி இருந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது.

"நீ வேண்டாம்மா" என்றார். "உனக்கு வேலை போயிடும். வாடிக்கையாளரை யாராலும் வேலையை விட்டுத் தூக்க முடியாது."

வாழ்நாளில் அவர் திருடியதில்லை. ஆனால் தன்னுடைய சாவியை எடுத்து, தன்னுடைய காரில் ஏறி உட்கார்ந்தபோது திருடனைப்போல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "கடவுளே, இது தப்பா இருந்தா என்னோட போகட்டும்" என்று சொல்லி இன்ஜினை ஓடவிட்டார். கார் பழுது பார்க்கும் இடத்தில் கார் ஓடிய குற்றம் அப்படித்தான் நடந்தது.

முதலில் யாருக்கும் அது என்ன சத்தம் என்று புரியவில்லை. பிறகு கார்களுக்கு அடியிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பக்கத்து அறையில் குழந்தை அழுவதைக் கேட்ட தாயின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தன அந்த முகங்கள். கையுறைகள் பறந்தன.

"அணைச்சுடாதீங்க சார்! பிரேக்கை அமுக்கிப் பிடிங்க! ஒவ்வொரு கியரா போட்டு எடுங்க!" என்று ஒருவர் கத்தினார். "டேய், மேடையைத் தூக்கு!" என்று இன்னொருவர் கத்தினார்.

கண்ணாடிக்காரர் காரோடு மேலே போனார்.

மேலாளர் ஓடி வந்தார். "நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!" என்றார். ஆனால் கூடத்துக்குள் குரலை உயர்த்தக் கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான். கிசுகிசுத்தார். வாய் அசைவது மேலே இருந்தவருக்குத் தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, கண்ணாடிக்காரர் உயரத்திலிருந்தே கை கூப்பினார். அடியில் ஒருவர் திருகாணியைக் கழற்ற, ஒருவர் எண்ணெயை ஏற்ற, மூன்றாமவர், "இன்னும், இன்னும், எவ்வளவு குடிக்குது பாரு, பாவம்!" என்று உருகினார். மேலாளர் சுவரில் இருந்த "மௌனமே சேவை"யைச் சுட்டிக்காட்டினார். பல் டாக்டர் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "அடுத்தது என்னுது!" என்று கூவினார்.

*

காரைக் கீழே இறக்கியதும் வழக்கப்படி சிவப்புத் துணி, வழக்கப்படி தொடாத கைதட்டல். வரவேற்புப் பெண் திரையை நீட்டினாள். பின்னால் மேலாளர் நின்றிருந்தார்.

"உண்மையைப் போடுங்க சார்" என்றாள்.

இந்தமுறை அவர் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றார். தெருக்கோடி வரை போய்விட்டு வந்தார். உதை இல்லை. எண்ணெய் ஊற்றிய மூன்று பேருக்கும் பத்து, இந்தப் பெண்ணுக்குப் பத்து, நிலையத்துக்கு இரண்டு என்று போட நினைத்தார். அப்படிப் பிரித்துப் போட இடம் இல்லை. விரல் வெகு நேரம் காற்றில் நின்றது. கடைசியில், அவள் கேட்டது உண்மையைத்தானே என்று இரண்டைத் தொட்டார். கூடத்தில் ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் சத்தமில்லாமல், சுழல ஆரம்பித்தது.

அவளை வேலையிலிருந்து அனுப்பவில்லை. வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரம், அரைவட்டத்தில், கண்ணை மூடிக்கொண்டு, அந்த எட்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று அவள் யோசிக்க வேண்டும். மறுநாள் அவள் கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலியில் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"உங்க கார்தான் சரியாயிடுச்சே சார்?"

"கார் சரியாயிடுச்சும்மா. நான் இன்னும் ஆகல" என்றார். ஒரு நாளும் தவறாமல் வந்தார். வரும்போது அவளுக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தார்.

இதற்கிடையில் தலைவர் ஓர் அறிக்கை விட்டார். "உலகத்தில் முதல்முறையாக, எமது நிலையத்தில் கார்களின் இன்ஜினை ஓடவிட்டே பழுது பார்க்கும் புதுமையை அறிமுகப்படுத்துகிறோம். இந்த யோசனை ஒரு நாள் அதிகாலைத் தியானத்தில் எமக்கு உதித்தது." வாரத்தில் ஒரு மதியம், அரை மணி நேரம். அதற்கு இசை நேரம் என்று பெயர். முதல் இசை நேரத்திலேயே பல் டாக்டர் அம்மாவின் கார் பின்னால் போயிற்று. அவர் ஆனந்தத்தில் நிறுத்த மறந்து மீன்தொட்டி அறையின் சுவர்வரை போய்விட்டார். சுவருக்கும் மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அரை மணிக்கு இப்போது பெரிய வரிசை.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். புதுச் சாலையில் ஏதோ குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தார்கள். சுற்றுவழி குண்டும் குழியுமாக இருந்தது. கியர்கள் மாறியது தெரியவில்லை. மனைவியின் கை மடியில் இருந்தது.

"ரோடு நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். "இது நல்ல ரோடா? அன்னிக்கு நல்ல ரோட்டை மோசம்னு சொன்னியே."

அவள் சிரித்தாள். "அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். வலிக்குதுன்னு சொன்னா உடைஞ்சுபோயிடுவீங்கன்னு தோணிச்சு. நானும் உங்களுக்குப் பத்து போட்டுட்டேன், அந்தப் பொண்ணுக்கு நீங்க போட்ட மாதிரி."

அவர் பின்இருக்கைப் பக்கம் திரும்பினார். "இனிமே வேண்டாம்மா. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு" என்றார். பிறகு, கடையில் கேட்பதுபோல், "சரி, இப்ப நிஜமாச் சொல்லு. நான் ஓட்டறதுக்கு எத்தனை?"

அவள் யோசித்தாள். "ஆறு."

"ஆறா?"

"திரும்பற இடத்துல எல்லாம் பிரேக்கை அமுக்கித் தள்றீங்க. எப்பவுமே அப்படித்தான். அது கியர்பாக்ஸ் இல்ல. நீங்க."

கண்ணாடிக்காரருக்கு மனசு லேசாயிற்று. இத்தனை நாள் ஊரில் உள்ள தவறையெல்லாம் சுமந்து திரிந்தவருக்கு, நிஜமாகவே தம்முடைய தவறு ஒன்று, கைக்கு அடக்கமாகக் கிடைத்திருந்தது. காரை எடுத்தார். அடுத்த திருப்பம் வந்தபோது பாதத்தை மெதுவாக, இரட்டைப் பார்வைக் கண்ணாடியை முதல்முறையாக ஒருவர் மூக்கில் வைப்பதுபோல், பிரேக்கின் மேல் வைத்தார்.

"ஆறரை" என்றாள் மனைவி.